வாக்குறுதியின் விலை

வாக்குக் கொடுப்பது எளிது, காப்பது அரிது. தனி மனிதன் தந்த வாக்குத் தவறினால் ஒரு குடும்பம் வருந்தும். காப்பீட்டு நிறுவனம் தந்த வாக்குத் தவறினாலோ பல்லாயிரம் குடும்பங்கள் முதுமையில் தவிக்கும். ஆகவே அத்தகைய நிறுவனம் தான் கொடுத்த வாக்கைத் தன் கணக்கேட்டில் எவ்வாறு எழுதிவைக்கிறது என்பது, வணிகவியல் பயிலும் மாணவர்க்கு மட்டுமன்றி, நாளை பொருளீட்டிச் சேமிக்கப்போகும் நம் அனைவர்க்கும் வேண்டிய செய்தியாகும். அதனை இயன்றவரை எளிமையாக இக்கட்டுரையில் கூற முயல்கின்றேன்.

எழுந்த வினா

நான் மரக்காணத்து உப்பளக் குடும்பத்தைச் சேர்ந்தவன். என் சித்தப்பா முப்பது ஆண்டுகள் பாத்தியில் உப்பு வாரியவர். குடும்பத்தின் சிறு நிலம் ஒன்று விலைபோனதில் அவர் பங்குக்கு நான்கு லட்சம் ரூபாய் வந்தது. அதையறிந்த முகவர் ஒருவர் வீடு தேடி வந்தார். "பங்குச் சந்தை ஏறினால் இலாபம் உங்களுக்கு, இறங்கினால் போட்ட பணம் ஒரு ரூபாயும் குறையாது. அறுபது வயதுக்குப்பின் மாதாமாதம் பணம் வரும்" என்றார்.

அவர் சென்றபின் சித்தப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏறினா எனக்கு, இறங்கினா எனக்கில்ல. அப்போ அந்த நட்டம் யார் தலையில விழும்ப்பா?"

எழுதப் படிக்க மட்டும் தெரிந்த ஒருவர் கேட்ட இவ்வினாதான் உலகின் பெரிய காப்பீட்டு நிறுவனங்களின் கணக்காளர்களை அரை நூற்றாண்டாக அலைக்கழித்துவரும் வினா.

மாறும் ஆண்டுத்தொகை

மொத்தமாக ஒரு தொகையைச் செலுத்திவிட்டு, ஆயுள் உள்ளவரை குறிப்பிட்ட பணத்தைப் பெற்றுவருவது ஆண்டுத்தொகை ஒப்பந்தம். பெறும் தொகை முன்னரே முடிவாகிவிட்டால் அது நிலையான ஆண்டுத்தொகை. செலுத்திய பணம் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்யப்பட்டு, அவற்றின் மதிப்புக்கேற்பப் பயன் கூடிக் குறையுமானால் அது மாறும் ஆண்டுத்தொகை. அமெரிக்காவில் இது பெருவணிகம். நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு, அலகுகளோடு இணைந்த காப்பீட்டுத் திட்டம். யூனிட் டிரஸ்ட் நிறுவனம் 1971-இலேயே அத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியது.

வெறும் மாறும் ஆண்டுத்தொகையில் நிறுவனத்துக்குப் பெரிய தொல்லை இல்லை. ஏறினாலும் இறங்கினாலும் அது பாலிசிதாரரைச் சேரும். அதன்மேல் உறுதிமொழியை ஏற்றும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. உறுதிமொழிகள் நால்வகைப்படும். இறந்தால் போட்ட பணமாவது வாரிசுக்கு வரும் என்பது ஒன்று. முதிர்வு நாளில் குறைந்தது இவ்வளவு இருக்கும் என்பது இரண்டு. குறைந்தது இவ்வளவு ஆண்டுத்தொகை கிடைக்கும் என்பது மூன்று. நிதி வற்றிப்போனாலும் ஆண்டுதோறும் இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பது நான்கு.

உப்பு வியாபாரியின் வாக்கு

நம் ஊர் வழக்கிலேயே இதைப் பார்ப்போம். ஒரு வியாபாரி உப்பள உழவர் நூறு பேரிடம் இவ்வாறு சொல்வதாகக் கொள்ளுங்கள்: "உங்கள் உப்பைச் சந்தை விலைக்கே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் விலை எவ்வளவு சரிந்தாலும் மூட்டைக்கு நூறு ரூபாய்க்குக் குறையாமல் தருவேன்."

இது வெறும் நல்லெண்ணப் பேச்சன்று, ஒரு கடன். விலை நூற்றைம்பது ரூபாயாக இருக்கும் நாளில் அக்கடன் கண்ணுக்குத் தெரியாது. எழுபது ரூபாயாகும் நாளில் மூட்டைக்கு முப்பது ரூபாய் அவர் கைப்பணத்திலிருந்து போகும். விலை நன்றாக இருக்கும் காலத்திலேயே மூட்டைக்கு இரண்டு மூன்று ரூபாய் பிடித்துவைத்திருந்தால் அவர் தப்புவார். இல்லையேல் கடையைப் பூட்டுவார்.

இன்னொன்றையும் நோக்குக. விலை உயர்ந்திருக்கும்போது உழவர்கள் வேறு வியாபாரியிடமும் விற்பர். விலை சரிந்ததும் ஒருவர் தவறாமல் அம்பாரத்தை முழுவதும் இவர் வாசலுக்கே கொண்டுவருவர். காப்பீட்டிலும் அப்படியே. சந்தை நன்றாக இருக்கும்போது பாலிசியை இடையில் முறித்துக்கொண்டு செல்வோர் பலர். உறுதிமொழி மதிப்புப் பெற்றதும் யாரும் விலகுவதில்லை. பாலிசிதாரரின் இந்த நடத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டிய ஓர் இடரே.

சராசரி என்னும் மாயை

ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் செலுத்துகிறார். பத்தாண்டு முடிவில் ஒரு லட்சத்துக்குக் குறையாது என்பது உறுதிமொழி. அப்போது நிதியின் மதிப்பு 1,60,000 அல்லது 1,30,000 அல்லது 1,10,000 அல்லது 80,000 ரூபாயாக இருக்கலாம். நான்குக்கும் சம வாய்ப்பு என்று கொள்வோம். நான்கின் சராசரி 1,20,000 ரூபாய். உறுதியளித்த தொகையைவிட இது அதிகம். ஆகவே உறுதிமொழிக்குச் செலவே இல்லை என்று எழுதிவிடலாமா?

கூடாது. முதல் மூன்று நிலைகளில் மிகும் பணம் பாலிசிதாரருக்குரியது. நிறுவனத்துக்கு அதில் ஒரு காசும் இல்லை. நான்காம் நிலையில் குறையும் 20,000 ரூபாய் மட்டும் நிறுவனத்தைச் சாரும். நான்கில் ஒரு வாய்ப்பு என்பதால் சராசரிச் செலவு 5,000 ரூபாய். பத்தாண்டு கழித்துத் தரவேண்டிய அத்தொகையை ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கழித்தால் ஏறத்தாழ 2,540 ரூபாய் வரும். வாக்குக் கொடுத்த அன்றே ஏட்டில் ஏறவேண்டிய பொறுப்பு இது.

நிதியின் சராசரியைப் பார்ப்பது வேறு. குறைபாட்டின் சராசரியைப் பார்ப்பது வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதே பல நிறுவனங்களின் வீழ்ச்சிக்கு வித்து. மெய்யான கணக்கில் நான்கு நிலைகள் போதா. ஆக்சுவரி எனப்படும் காப்பீட்டுக் கணிப்பாளர்கள் கணிப்பொறியின் துணையால் ஆயிரக்கணக்கான நிலைகளை ஓட்டிப் பார்ப்பர். சந்தையில் இத்தகைய உறுதிக்கு நிலவும் விலையோடு ஒத்துவருமாறு அவற்றுக்கு எடை இடுவர்.

மழை ஒரு பாத்தியில் மட்டும் பெய்வதில்லை

ஆயுள் காப்பீட்டின் அடிப்படை, பலர் கூடி ஒருவரைத் தாங்குவது. ஆயிரம் பேரில் ஓராண்டில் சிலரே இறப்பர். மற்றவர்களின் பிரீமியம் அவர்களின் குடும்பங்களைத் தாங்கும். ஆட்கள் பெருகப் பெருகக் கணிப்பு உறுதிப்படும்.

சந்தை வீழ்ச்சி அத்தகையதன்று. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் மரக்காணம் அருகே கரையைக் கடந்தது. புயல் மழை உன் பாத்தி, என் பாத்தி என்று பார்ப்பதில்லை. அதுபோலச் சந்தை சரியும்போது எல்லாப் பாலிசிகளின் நிதியும் ஒரே நாளில் சரிகிறது. நூறு பேருக்கு வாக்களித்தவனைவிட நூறாயிரம் பேருக்கு வாக்களித்தவனுக்கு இங்கே பாதுகாப்பு அதிகமில்லை, சுமைதான் அதிகம். இறப்பைக் கணக்கிடும் முறையால் இந்த இடரைக் கணக்கிட முடியாமைக்கு இதுவே காரணம்.

கணக்கேட்டில் எழுதும் முறை

இத்தகைய ஒப்பந்தத்தில் இரண்டு பணப்பைகள் உண்டு. அலகு நிதி முதலாவது; அதன் ஏற்றமும் இறக்கமும் பாலிசிதாரருக்குரியவை. நிறுவனத்தின் பொது நிதி இரண்டாவது. உறுதிமொழிக் கடன் இந்த இரண்டாம் பையின் தலையில்தான் விழுகிறது. ஆகவே அலகு நிதியின் மதிப்பை மட்டும் பொறுப்பாகக் காட்டிய இருப்புநிலைக் குறிப்பு பாதி உண்மையையே சொல்கிறது.

அமெரிக்காவில் நெடுங்காலம் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. இறப்பு உறுதி போன்றவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சிறுகச் சிறுக ஒதுக்கிவந்தனர். முதிர்வு உறுதி போன்றவற்றையோ அன்றன்றைய சந்தை மதிப்பில் காட்டினர். ஒரே நிதியின்மேல் கொடுத்த இரு வாக்குகளுக்கு இரு வேறு கணக்கு! புதிய விதிப்படி 2023 முதல் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் இவையனைத்தையும் சந்தை இடர்ப் பயன் என்ற ஒரே தலைப்பில், சந்தை மதிப்பில் காட்டுகின்றன.

பன்னாட்டு நிதி அறிக்கைத் தரம் 17 என்பது 2017 மே மாதம் வெளியிடப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒப்பந்தத்தில் எதிர்காலத்தில் வரக்கூடிய இலாபத்தை முதலிலேயே எடுத்துக்கொள்ளாமல் ஒருபுறம் வைக்கின்றனர். உறுதிமொழியின் சுமை கூடினால் முதலில் அந்த வைப்புக் கரையும். அதுவும் தீர்ந்துவிட்டால் எஞ்சிய நட்டத்தை உடனே இலாப நட்டக் கணக்கில் எழுதியாக வேண்டும். நாம் முதலாண்டில் படித்த முன்னெச்சரிக்கைக் கொள்கை நினைவுக்கு வருகிறதல்லவா? இதனையொட்டிய இந்தியத் தரம் 117 ஆகஸ்டு 2024-இல் நடுவண் அரசால் அறிவிக்கப்பட்டது.

பாடம் புகட்டிய இருவர்

இங்கிலாந்தின் ஈக்விடபிள் லைஃப் 1762-இல் தோன்றிய பழம்பெரும் சங்கம். அது 1957 முதல் 1988 வரை விற்ற ஓய்வூதியப் பாலிசிகள் பலவற்றில், ஓய்வு பெறும் நாளில் குறிப்பிட்ட வீதத்துக்குக் குறையாமல் ஆண்டுத்தொகை தருவதாக உறுதியளித்திருந்தது. வட்டி உயர்ந்திருந்த காலத்தில் அவ்வுறுதி பயனற்ற அலங்காரமாகத் தோன்றியது. 1990-களில் வட்டி வீழ்ந்தது. மக்களின் ஆயுளும் நீண்டது. அலங்காரம் கடனாயிற்று. உறுதியைக் கேட்டவர்களுக்கு இறுதிப் போனஸைக் குறைத்துச் சமாளிக்கச் சங்கம் முயன்றது. அது செல்லாதென்று 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 150 கோடி பவுன் சுமை விழவே, அதே ஆண்டு டிசம்பரில் சங்கம் புதிய வணிகத்துக்குக் கதவை அடைத்தது. உறுதிமொழி இல்லாத பாலிசிதாரர்களும் தங்கள் சேமிப்பில் இழப்புக் கண்டனர்.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நிறுவனம் மாறும் ஆண்டுத்தொகையில் முன்னணியில் நின்றது. 2008-இல் பங்குச் சந்தை சரிந்தபோது முதலீட்டு நட்டமும் உறுதிமொழிச் சுமையும் ஒருங்கே தாக்கின. 2009-இல் அந்நாட்டு அரசிடம் 340 கோடி டாலர் உதவி பெற்று, மறு ஆண்டில் திருப்பிக் கொடுத்தது. 2012-இல் புதிய ஆண்டுத்தொகை விற்பனையையே கைவிட்டது.

நம் நாட்டில்

அலகு இணைந்த ஓய்வூதியத் திட்டங்களில் குறைந்தது ஆண்டுக்கு 4.5 விழுக்காடு வளர்ச்சிக்கு உறுதியளிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2010 செப்டம்பர் முதல் விதித்தது. நோக்கம் நல்லது. ஆனால் அந்த உறுதியைக் காக்க வேண்டுமானால் பணத்தைப் பங்குகளில் இடாமல் பெரும்பாலும் கடன் பத்திரங்களிலேயே இடவேண்டியதாயிற்று. பல நிறுவனங்கள் அத்தகைய திட்டங்களை விற்பதையே நிறுத்திக்கொண்டன. அடுத்த ஆண்டே விதி தளர்த்தப்பட்டது. உறுதிமொழி இலவசமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

2003-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் வழியே வந்த மூத்தோர் ஓய்வூதியக் காப்பீட்டுத் திட்டம் 9 விழுக்காட்டுக்கு உறுதியளித்தது. கழகம் ஈட்டியதற்கும் 9 விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை நடுவண் அரசு ஏற்றது. அங்கே சித்தப்பாவின் வினாவுக்கு விடை வெளிப்படையானது: வரி செலுத்தும் பொதுமக்கள்.

நம் சட்டப்படி ஒவ்வோர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திலும் நியமன ஆக்சுவரி ஒருவர் பொறுப்புகளை மதிப்பிட்டுச் சான்றளிக்கவேண்டும். பொறுப்புகளுக்குமேல் விதிக்கப்பட்ட மூலதனத் தேவையைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 150 விழுக்காடு, கையிருப்பும் வேண்டும்.

விடை

இவற்றையெல்லாம் படித்தபின் சித்தப்பாவுக்கு நான் சொன்ன விடை இது. நட்டம் விழக்கூடிய இடங்கள் நான்கு. உங்களிடமே ஆண்டுதோறும் பிடிக்கும் கட்டணம், நிறுவனத்தின் மூலதனம், மற்றப் பாலிசிதாரர்களின் பணம், கடைசியாக அரசின் கருவூலம். முதலாவதில் போதிய அளவு சேர்த்து, ஒழுங்காக ஏட்டில் எழுதிவைத்தால் மற்ற மூன்றுக்கும் வேலை குறையும்.

பின்னர் இருவரும் முகவர் தந்த தாளைப் படித்தோம். உறுதிமொழிக்கென ஆண்டுக்கட்டணம் ஒரு வரியில் இருந்தது. பத்தாண்டு முடியுமுன் பணத்தை எடுத்தால் உறுதி பொருந்தாது என்பது அடுத்த வரியில் இருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. அம்மாதங்களில் சேமிப்பில் கைவைக்காத வீடு எங்கள் தெருவில் அரிது. நடுவில் எடுத்தால் மறையும் உறுதி, ஆண்டுதோறும் மாதச் சம்பளம் தவறாமல் பெறுவோர்க்கு ஏற்றதாகலாம். மழைக்காலத்தில் வருவாய் நிற்கும் எங்களுக்கு ஏற்றதன்று. சித்தப்பா தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, பணத்தை அஞ்சலகத்தில் போட்டார்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! உறுதிமொழி தீயதன்று. முதியவர் ஒருவர் அச்சமின்றி உறங்க அது துணை செய்யும். ஆனால் ஒவ்வோர் உறுதிமொழிக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை வாக்குக் கொடுத்த அன்றே எழுதுவது கணக்கியல். வாக்குக் கேட்ட நாள் வந்தபின் எழுதுவது திவால் மனு. நாளை நம்மிற் சிலர் கணக்காளராவோம், சிலர் முகவராவோம், எல்லோரும் பாலிசிதாரராவோம். எந்த இருக்கையில் அமர்ந்தாலும் "நட்டம் யார் தலையில்?" என்ற வினாவைக் கேட்கத் தயங்காதிருப்போமாக.