இம்ப்ளான்ட் பல்: எந்தப் பாகத்தில் மிச்சம் பிடிக்கலாம்?

இம்ப்ளான்ட் பல் வைத்துக்கொள்ளப் போகிறவர் எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் இம்ப்ளான்ட் எந்த கம்பெனியுடையது என்று விசாரிப்பார். அதன் மேல் உட்காரும் அபட்மென்ட்டையும், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூவையும் பற்றிக் கேட்பது குறைவு. பல நேரங்களில் அவை யாருடையவை என்று முடிவு செய்வது டெண்டல் லேப். இம்ப்ளான்ட் தயாரித்த நிறுவனத்தின் அசல் பாகத்தைப் போடலாம். அதற்குப் பொருந்தும்படி வேறு நிறுவனம் செய்த ‘கம்பாட்டிபிள்’ பாகத்தையும் போடலாம். விலை வித்தியாசம் பெரிது என்பதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

கம்பாட்டிபிள் என்றால் போலியா?

இல்லை. ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரேன்மார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்ப்ளான்ட் பொருத்தினார். அவருடைய இம்ப்ளான்ட்டின் தலையில் இருந்த 0.7 மி.மீ. உயர அறுகோணத்தைப் பின்னாளில் பல நிறுவனங்கள் தங்கள் இம்ப்ளான்ட்டிலும் வைத்தன. ஒருவரின் இம்ப்ளான்ட்டுக்கு இன்னொருவரின் பாகம் என்பது அதனால் எளிதாயிற்று. இன்று பெரிய நிறுவனங்களே இந்தத் தொழிலில் இருக்கின்றன. டென்ட்ஸ்ப்ளை சிரோனாவின் ‘அட்லாண்டிஸ்’ பிரிவு பிற நிறுவன இம்ப்ளான்ட்டுகளுக்கும் அபட்மென்ட் செய்கிறது. பிற நிறுவன இம்ப்ளான்ட்டுகளுக்குப் பாகம் செய்யும் ஜெர்மனியின் மெடென்டிகாவில் ஸ்ட்ராமன் முதலீடு செய்தது. ஆகவே பெயரை மட்டும் பார்த்துத் தரத்தைச் சொல்லிவிட முடியாது. எந்தப் பாகம் எதைத் தொடுகிறது, கெட்டால் எதைக் கெடுக்கும் என்று பார்க்க வேண்டும்.

சிக்கல் எங்கே?

இப்போதைய இம்ப்ளான்ட்டுகள் பலவற்றில் இணைப்பு உள்ளே, கூம்பு வடிவில் இருக்கிறது. கூம்பில் சிறு பிசகும் பெரிதாகும். மையக் கோட்டிலிருந்து 11 டிகிரி சாய்ந்த கூம்பில் விட்டம் 10 மைக்ரான் மாறினால், அபட்மென்ட் சுமார் 25 மைக்ரான் மேலேயோ கீழேயோ உட்காரும். கடிக்கும்போது கிரவுன் (அபட்மென்ட் மேல் வைக்கும் பல்) உயரமாக இடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். கூம்பின் சாய்வே மாறிவிட்டால் இரண்டு பரப்புகளும் முழுதாகத் தொடாமல் ஓரிடத்தில் மட்டும் தொடும். மிச்சமிருக்கும் இடைவெளி பாக்டீரியாவுக்குத் தாராளம். பாக்டீரியாவின் அளவே ஓரிரு மைக்ரான்தான்.

அடுத்தது ஸ்க்ரூ. முறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் ஸ்பிரிங் போல அது இழுப்பதால்தான் அபட்மென்ட் நகராமல் நிற்கிறது. ஆனால் டாக்டர் 35 நியூட்டன் சென்டிமீட்டர் முறுக்கு விசை கொடுத்தால், அதில் பெரும் பங்கு உராய்வில் போய்விடும். எவ்வளவு போகும் என்பது ஸ்க்ரூவின் உலோகம், மேல்பூச்சு, மரை வெட்டிய சுத்தம் ஆகியவற்றைப் பொறுத்தது. உராய்வைக் குறைக்கச் சில நிறுவனங்கள் கார்பன் பூச்சும் தங்கப் பூச்சும் கொடுத்ததுண்டு. அப்படிப்பட்ட ஸ்க்ரூவுக்குப் பதிலாகப் பூச்சில்லாத ஒன்றைப் போட்டு அதே விசையில் முறுக்கினால் பிடிப்பு குறையும். ஆட்டம் காண்பதும் உடைவதும் அங்கிருந்து தொடங்குகின்றன.

உடைந்த அபட்மென்ட்டை மாற்றிவிடலாம். இம்ப்ளான்ட்டின் உள் மரையோ கூம்போ சிதைந்தால், எலும்போடு ஒட்டிப்போன இம்ப்ளான்ட்டையே எடுக்க நேரலாம். சிர்கோனியா அபட்மென்ட் இம்ப்ளான்ட்டை நேரடியாகத் தொடும்போது, அதைவிட மென்மையான டைட்டானியம்தான் தேயும். சிர்கோனியாவுக்கு அடியில் டை-பேஸ் என்ற டைட்டானியம் அடித்தளம் வைப்பதற்கு இது முக்கியமான காரணம்.

லேபில் என்ன செய்யலாம்?

இம்ப்ளான்ட்டைத் தொடும் பரப்பிலும் வாயில் நிரந்தரமாகத் தங்கும் ஸ்க்ரூவிலும் மிச்சம் பிடிக்காமல் இருப்பது நல்லது. கூம்பு இணைப்பு, கடைவாய்ப் பல், பல இம்ப்ளான்ட்டுகளைச் சேர்க்கும் பிரிட்ஜ் ஆகியவற்றில் அசல் பாகமே பாதுகாப்பான தேர்வு. தற்காலிகப் பல்லுக்கான பாகங்கள், லேபில் மட்டும் பயன்படும் ஸ்க்ரூ போன்றவற்றில் தரமான கம்பாட்டிபிள் போதும். லேபில் பலமுறை முறுக்கிய ஸ்க்ரூவை நோயாளியின் வாய்க்கு அனுப்பக் கூடாது.

கம்பாட்டிபிள் என்று முடிவானால் பல நிறுவனங்களின் பாகங்களைக் கலக்க வேண்டாம். ஸ்கேன் எடுக்க இம்ப்ளான்ட் மேல் வைக்கும் ஸ்கேன் பாடி ஒருவருடையது, பாகங்களின் அளவுகள் அடங்கிய சாஃப்ட்வேர் லைப்ரரி இன்னொருவருடையது, டை-பேஸ் மூன்றாமவருடையது என்றால் ஒவ்வொன்றின் சிறு பிழையும் சேர்ந்துகொள்ளும். ஒரே தயாரிப்பாளரின் தொகுப்பாக வாங்கினால் அந்த ஆபத்து குறையும். பிளாஸ்டிக் அபட்மென்ட்டை மெழுகோடு சேர்த்து உலோகத்தில் வார்ப்பது மலிவுதான். ஆனால் அப்போது பொருத்தம் டெக்னீஷியனின் கைத்திறனையும் உலோகத்தின் சுருக்கத்தையும் நம்பியிருக்கும். இயந்திரத்தில் கடைந்த அடிப்பாகத்தின் துல்லியம் அதில் கிடைப்பது கடினம்.

இம்ப்ளான்ட் தயாரித்த நிறுவனமே உற்பத்தியை நிறுத்தியிருந்தால் கம்பாட்டிபிள் பாகம்தான் நோயாளியைக் காப்பாற்றும்.

நோயாளி கேட்க வேண்டியவை

சில நிறுவனங்களின் உத்தரவாதம் அசல் பாகங்களைப் போட்டால்தான் செல்லும். அதனால் உத்தரவாத விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், உரிம எண், லாட் எண் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். இம்ப்ளான்ட்டின் லேபிளோடு அபட்மென்ட், ஸ்க்ரூ ஆகியவற்றின் லேபிளையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பத்து ஆண்டு கழித்து வேறு ஊரில், வேறு டாக்டர் அந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டி வந்தால், எந்த ஸ்க்ரூடிரைவரை எடுப்பது என்று அவருக்குச் சொல்லப்போவது அந்த லேபிள்தான்.