முடிபு பெறும் முறை



இக்காலத்துத் தேர்வுகள் பலவற்றில், இரண்டு கூற்றுகளைத் தந்து, அவற்றிலிருந்து பெறப்படும் முடிபு யாது என்று வினவுகின்றனர். இவ்வினாக்களைப் புதுமையென்று எண்ணி மருள்வோர் பலர். இக்கலையோ மிகப் பழையது. கி. மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் இதற்கு இலக்கணம் வகுத்தார். நம் மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகளும் இதனை விளக்குகின்றார். மலையில் புகை தோன்றுகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு, அடுக்களையைப் போல. ஆகவே மலையில் நெருப்பு உண்டு என்பது அங்கே வரும் எடுத்துக்காட்டு.

இதில் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். புகையைக் கொண்டு நெருப்பை அறியலாம். நெருப்பைக் கொண்டு புகையை அறிய இயலாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று தருக்க நூலார் காட்டுவர். 'எல்லாம்' என்னும் சொல் ஒரு திசையிலேயே செல்வது. வேம்புகள் எல்லாம் மரங்கள் என்பதால் மரங்கள் எல்லாம் வேம்புகள் ஆகிவிடுமா? ஆகா என்று எவரும் விடை கூறுவர். எனினும், இரண்டு கூற்றுகள் இணைந்து வரும்போது இத்திசையையே பலரும் மறந்துவிடுகின்றனர்.

ஒரு சான்று கூறுகின்றேன். பறவைகள் எல்லாம் முட்டையிலிருந்து பிறப்பவை. காகங்கள் எல்லாம் முட்டையிலிருந்து பிறப்பவை. ஆகவே காகங்கள் எல்லாம் பறவைகள். இது சரியா? மூன்று கூற்றும் மெய்யே. ஆயினும் மூன்றாவது கூற்று முன்னிரண்டிலிருந்து பெறப்படுவதன்று. ஐயம் உண்டாயின், காகத்தை நீக்கி அவ்விடத்தில் ஆமையை வைத்துப் பாருங்கள். ஆமைகளும் முட்டையிலிருந்து பிறப்பவையே. ஆகவே ஆமைகளும் பறவைகள் என்றன்றோ முடியும்! காகம் பறவை என்பதை நாம் முன்னரே அறிவோம். அவ்வறிவுதான் நம்மை மயக்கிற்று.

இதற்கு மறுதலையாக, மீன்கள் எல்லாம் மரம் ஏறுபவை, சுறாக்கள் எல்லாம் மீன்கள் என்று இரண்டு கூற்றுகளைத் தந்தால், சுறாக்கள் எல்லாம் மரம் ஏறுபவை என்பது முறையாகப் பெறப்படும் முடிபேயாகும். முதற்கூற்று பொய் என்பது வேறு செய்தி. முடிபு மெய்யா என்பது ஒரு வினா. தந்த கூற்றுகளிலிருந்து அது பெறப்படுகிறதா என்பது மற்றொரு வினா. தேர்வில் கேட்கப்படுவது பின்னதே.

இதனைக் கண்ணாற் காண எளிய வழி ஒன்று உண்டு. ஆய்லர் என்னும் கணித அறிஞர், ஜெர்மானிய இளவரசி ஒருவருக்கு 1761-இல் எழுதிய கடிதங்களில் வட்டங்கள் வரைந்து இதனை விளக்கினார். 'எல்லாம்' எனின் ஒரு வட்டத்தை மற்றொன்றின் உள்ளே வரைக. 'எதுவும் இல்லை' எனின் இரண்டையும் தனித்தனியே வரைக. 'சில' எனின் ஒன்றை மற்றொன்று வெட்டுமாறு வரைக. ஆனால், 'சில' என்பது ஒன்றேனும் உண்டு என்று மட்டுமே கூறும். ஏனையவை அவ்வாறு அல்ல என்று கூறாது.

மாணவருள் சிலர் பாடகர். பாடகருள் சிலர் உழவர். இதனால் மாணவருள் சிலர் உழவர் என்னலாமா? வரைந்து பாருங்கள். மாணவர் வட்டமும் உழவர் வட்டமும் ஒன்றையொன்று தொடாமலேயே பாடகர் வட்டத்தை வெட்ட இயலும். ஆகவே இம்முடிபு பெறப்படாது. கூற்றுகளுக்கு மாறுபடாமல், முடிபைப் பொய்யாக்கும் படம் ஒன்று வரைய முடிந்தாலும் அம்முடிபு வீழ்ந்தது. நாள்தோறும் ஐந்து வினாக்களை எடுத்துக்கொண்டு, விடையை ஊகியாமல், அத்தகைய படம் வரைய முயலுங்கள்.

இப்பயிற்சி மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. காவலரைக் கண்டால் திருடர் ஓடுவர், இவன் ஓடினான், ஆகவே இவன் திருடன் என்று தெருவில் ஒரு கூட்டம் முடிவு கட்டுகிறது. அஞ்சியவனும் ஓடுவான், பேருந்தைப் பிடிக்க விரைபவனும் ஓடுவான். ஆமையைப் பறவையாக்கிய அதே பிழை இங்கே குற்றமற்ற ஒருவனைத் திருடனாக்குகிறது. ஏட்டில் அப்பிழைக்கு ஒரு மதிப்பெண் குறையும். தெருவில் ஒருவன் மானம் போகும், சில வேளை உயிரும் போகும். 'ஆகவே' என்று சொல்லுமுன் சற்றே நின்று, அச்சொல்லுக்கு உரிமை உண்டா என்று ஆராயும் பழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்ளுங்கள்.