மிக்-21 மாடலுக்கு ஏன் 'அழுக்கு' பூசுகிறார்கள்? வெதரிங் நடப்பது இப்படித்தான்!

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போய்விட்டுத் திரும்பும் பேருந்தை ஒரு நிமிடம் நின்று கவனியுங்கள். தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒட்டியிருக்காது. சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறித்திருக்கும். பின்பக்கக் கண்ணாடியில் தூசி அப்பியிருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து மழைத்தண்ணீர் வழிந்த கோடு கீழே இறங்கியிருக்கும். படிக்கட்டுக் கைப்பிடியில் மட்டும் பெயின்ட் போய் உலோகம் பளபளக்கும். ஏறுகிற எல்லோரும் பிடிப்பது அதைத்தானே!

ஸ்கேல் மாடல் விமானம் செய்பவர்கள் 'வெதரிங்' என்று சொல்வது இந்தத் தடயங்களைச் சின்ன அளவில் வரைவதைத்தான். பார்ப்பவர்களுக்கு "நல்லா பெயின்ட் அடிச்சுட்டு ஏன் அழுக்காக்குறாங்க?" என்று தோன்றும். அழுக்காக்குவது சுலபம். எந்த அழுக்கு எதனால் வந்தது என்று தெரிந்து பூசுவதில்தான் வேலை இருக்கிறது.

நம் ஊர்க் கதையோடு இதைப் புரிந்துகொள்ள மிக்-21 நல்ல உதாரணம். 1963-ல் இந்திய விமானப்படைக்கு வந்த இந்தப் போர் விமானம், 62 ஆண்டுகள் பறந்துவிட்டு 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்றது. இனி அதை நாம் பார்க்கப்போவது அருங்காட்சியகத்திலும், சாலைச் சந்திப்பில் தூண் மேலும்தான். அப்படி நிற்கும் விமானங்களுக்குப் பெரும்பாலும் புதுப் பெயின்ட் அடித்துப் பளபளப்பாக வைத்திருப்பார்கள். மரியாதைக்காகச் செய்வது, சரி. ஆனால், அந்த விமானம் வேலை பார்த்த காலத்தில் அப்படி இருந்ததே இல்லை.

வெள்ளி மேல் பச்சை

1971 போருக்கு முன்பு இந்தியாவின் மிக்-21 விமானங்கள் பெயின்ட் இல்லாமல் வெறும் உலோக நிறத்தில், வெள்ளி மாதிரி மின்னின. வானத்தில் அழகு. தரையில் நிற்கும்போது எதிரி விமானிக்கு அதுவே அடையாளம். அதனால் போர் நெருங்கியபோது பல விமானங்களுக்கு அவசர அவசரமாகப் பச்சை உருமறைப்புப் பூசினார்கள். தொழிற்சாலையில் பொறுமையாகச் செய்த வேலை இல்லை என்பதால், ஒரு விமானத்தின் கோலம் இன்னொன்றில் இருக்காது. 1971 டிசம்பர் 14-ல் டாக்கா கவர்னர் மாளிகையைத் தாக்கியதும் மிக்-21 விமானங்கள்தான்.

சரியான பிரைமர் இல்லாமல் வழவழப்பான அலுமினியத்தின் மேல் அடித்த பெயின்ட் எத்தனை நாள் நிற்கும்? இறக்கையின் முன்விளிம்பில் காற்று அறைந்து உரியும். மெக்கானிக் தினமும் திறந்து மூடும் மூடிகளைச் சுற்றித் தேயும். விமானி ஏணி வைத்து ஏறும் இடத்தில் சிராய்க்கும். அந்தப் பச்சைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளியைக் காட்டுவதுதான் 1971 மிக்-21 மாடலின் உயிர். அதைக் காட்டாமல் விட்டால், அந்த அவசரமும் கண்ணில் படாமல் போய்விடும்.

இதைச் செய்ய ஒரு வேடிக்கையான வழி உண்டு: ஹேர் ஸ்பிரே. தலைக்கு அடிப்பதேதான். முதலில் மாடல் முழுக்க அலுமினிய நிற லாக்கர் பெயின்ட். அது நன்றாகக் காய்ந்ததும் மேலே மெலிதாக ஹேர் ஸ்பிரே. அதன்மேல் அக்ரிலிக் பச்சை. பச்சை காய்ந்து ஓரிரு மணி நேரத்துக்குள், வேண்டிய இடத்தில் மட்டும் தண்ணீர் தொட்டு, பழைய பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். ஹேர் ஸ்பிரே தண்ணீரில் கரையும். மேலே இருக்கும் பச்சை பிடிமானம் இழந்து துணுக்குத் துணுக்காக உரியும். வெள்ளிப் பெயின்ட்டால் மேலே புள்ளி வைத்தால் புள்ளி வைத்த மாதிரிதான் தெரியும். இதிலோ பெயின்ட் உண்மையாகவே உரிகிறது.

ஆனால், கை நிற்காது! அங்கேதான் கணக்கு உதவும். 1/72 அளவு மாடலில் மிக்-21-ன் இறக்கை முனைக்கு முனை 10 செ.மீ.கூட வராது. அதில் நீங்கள் உரிக்கும் 1 மி.மீ. துணுக்கு, நிஜ விமானத்தில் 7.2 செ.மீ. அதாவது நான்கு விரல் அகலம். அப்படிப் பத்து இடத்தில் உரிந்திருந்தால் அது விமானம் இல்லை, காயலான் கடைச் சரக்கு. பெயின்ட்டின் கனத்துக்கும் இதே கணக்குதான். 0.1 மி.மீ. கனமாகப் பூசினால், நிஜத்தில் 7 மி.மீ. கனத்துக்குப் பூசியதற்குச் சமம். அதனால்தான் ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் பெயின்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக அடிக்கிறார்கள். ஏர்பிரஷ் வாங்கப் பணம் இல்லையா? சாதாரண பிரஷ்ஷே போதும், அதே பால் பதம், பூச்சுக்குப் பூச்சு காயவிடும் பொறுமை இருந்தால்.

வரிசை ஏன் முக்கியம்?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பெயின்ட் காய்ந்ததும் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அடிப்பார்கள். போர் விமானத்துக்கு எதற்குப் பளபளப்பு? டெக்கலுக்காக. எண்களும் மூவண்ண வட்டமும் அச்சடித்த மெல்லிய படலம் அது. தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்ட வேண்டும். சொரசொரப்பான மேட் பெயின்ட் மேல் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, படலத்தின் ஓரம் வெள்ளையாகத் தெரியும். ஒட்டியது ஸ்டிக்கர்தான் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது 'வாஷ்'. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆயில் கலரில் அடர் பழுப்பையும் கொஞ்சம் கறுப்பையும் மினரல் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, தகடுகள் சேரும் கோட்டில் ஒரு சொட்டு வைத்தால், அதுவாகவே கோடு நெடுக ஓடும். அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடலாம். காய்ந்த அக்ரிலிக்கை டர்பன்டைன் கரைக்காது, அதனால் கீழே இருக்கும் பெயின்ட்டுக்கு ஆபத்தில்லை. கீழே எனாமல் பூசியிருந்தால் மொத்தமும் கையோடு வந்துவிடும். துடைக்கும் திசையும் சும்மா இல்லை. காற்று ஓடும் திசையில், மூக்கிலிருந்து வாலை நோக்கித் துடைக்க வேண்டும். பறக்கும்போது கசிந்த எண்ணெய் பின்னோக்கி இழுபடும். நிறுத்திவைத்திருக்கும்போது கசிந்தது நேராகக் கீழே வழியும்.

யூடியூப் பார்த்து அப்படியே காப்பியடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பிட்ஃபயர் மாதிரி பிஸ்டன் இன்ஜின் விமானங்களில் மூக்கின் பக்கவாட்டில் புகைக்கரி நீளமாகப் படியும். அதைப் பார்த்துவிட்டு மிக்-21 மூக்கிலும் கரி பூசுகிறவர்கள் உண்டு. ஜெட்டில் புகை போவது வால் வழியாக. அங்கேதான் சூட்டில் உலோகம் வைக்கோல் நிறமும் நீலமுமாக மாறும். துரு இன்னொரு பொதுவான தவறு. விமானத்தின் மேல்தகடு பெரும்பாலும் அலுமினியக் கலவை. அது பேருந்து மாதிரி செம்பழுப்பாகத் துருப்பிடிக்காது. துருவும் கீறலும் நிறையப் பூசியிருந்தால் அது டாங்க் மாடல் செய்து பழகிய கை என்று எடுத்துக்கொள்ளலாம்!

அப்புறம், சக்கரத்துத் தூசி. பாஸ்டல் சாக்கைச் சுரண்டிப் பொடியாக்கி, மெல்லிய பிரஷ்ஷால் டயரிலும் சக்கரக்கூட்டின் கதவிலும் தடவினால் போதும். தூசி எந்த நிறம் என்பது விமானம் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. ராஜஸ்தான் தளம் என்றால் வெளிர் மணல் நிறம். நம் தர்மபுரிச் செம்மண் நிறத்தை அங்கே பூசினால் ஒட்டாது.

பச்சையின் சரியான சாயல் எது என்பதில் மாடல் செய்பவர்களிடையே சண்டை ஓயாது. அன்றைய படங்களில் நிறைய கறுப்பு வெள்ளை. அதில் சாயல் தெரியாது. ஆனால் எங்கே உரிந்திருக்கிறது, எங்கே வழிந்திருக்கிறது என்பது தெளிவாகவே தெரியும். அதனால் நிறத்தைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில், நீங்கள் செய்யப்போகும் அதே எண் கொண்ட விமானத்தின் படம் கிடைக்கிறதா என்று தேடுவது புத்திசாலித்தனம்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். லாக்கர், தின்னர் வாசனையை மூடிய அறையில் சுவாசிக்கக் கூடாது. துணி மாஸ்க் இதைத் தடுக்காது. கரிம ஆவிக்கான ஃபில்டர் பொருத்திய மாஸ்க் வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் மேட் வார்னிஷ். மழைக்காலத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பூச்சு வெள்ளை பூத்துவிடும், ஒரு மாத வேலை பனி மூடின மாதிரி ஆகிவிடும். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து அடியுங்கள். மறுநாள், விமானியின் கண்ணாடிக் கூண்டு மேல் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். ஓரத்தில் பெயின்ட் கொஞ்சம் பிய்ந்து வந்தால் பதறாமல், பல்குத்தும் குச்சி முனையில் பெயின்ட் தொட்டுச் சரிசெய்துவிடலாம்.