அந்த அரை எங்கிருந்து வந்தது?

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு. நோட்டும் கையுமாக வந்து என் டீ டம்ளருக்கு எதிரே உட்கார்ந்தாள். “மாமா, இயக்க ஆற்றலுக்குச் சூத்திரம் தெரியும். அரை, நிறை, வேகத்தின் இருமடி. அந்த அரை எதுக்கு? வேகத்துக்கு மட்டும் ஏன் இருமடி?”

மதிப்பெண்ணுக்கு உதவாத கேள்வி. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது.

முதலில் வேலையைப் பார்ப்போம் என்று டம்ளரைத் தூக்கினேன். டீயோடு சேர்த்து 200 கிராம் இருக்கும். அரை மீட்டர் உயர்த்தினால் ஏறக்குறைய 1 ஜூல் வேலை. அப்படியே ஆடாமல் அசையாமல் பத்து நிமிஷம் பிடித்திருந்தால்? டம்ளர் மேல் நான் செய்த வேலை சுழியம். “கை வலிக்குமே!” என்றாள். வலிக்கும்தான். தசைநார்கள் விடாமல் சுருங்கிச் சுருங்கி ஆற்றலைச் செலவழிக்கின்றன; அது வெப்பமாகப் போய்விடுகிறது. டம்ளருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. எவ்வளவு விசை, அந்த விசையின் திசையில் எவ்வளவு நகர்வு, இவ்வளவுதான் இயற்பியலின் கணக்கு. பட்ட பாடு கணக்கில் வராது.

இனி ஸ்கூட்டர். ஆளோடு 200 கிலோ என்று வை. மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகம். பிரேக் 1000 நியூட்டன் விசையோடு பிடிக்கிறது. விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்து, 2 விநாடியில் வண்டி நிற்கும். அந்த 2 விநாடியும் 10 மீட்டர் வேகத்தில் ஓடியதா? இல்லை. பத்தில் தொடங்கிச் சுழியத்தில் முடிந்தது, சராசரி 5. ஆக, ஓடிய தூரம் 10 மீட்டர்.

அந்தச் சராசரியில்தான் உன் ‘அரை’ இருக்கிறது.

இப்போது 72 கிலோமீட்டர் வேகத்தில் வா. நிற்க 4 விநாடி ஆகும்: நேரம் இரண்டு மடங்கு. சராசரி வேகமோ 10: அதுவும் இரண்டு மடங்கு. தூரம் 40 மீட்டர். இரண்டும் இரண்டும் பெருகி நாலாகிவிட்டது. இருமடி என்பது இதுதான். பிரேக் செய்த வேலை முதலில் 10,000 ஜூல், இப்போது 40,000. சூத்திரத்தில் போட்டுப் பார், அதே எண்கள் வரும்.

அவள் போட்டுப் பார்த்தாள். வந்தது. “அப்போ பிரேக்கை ரெண்டு மடங்கு பலமா பிடிச்சா?” தூரம் பாதியாகும், வேலை மாறாது. விசை கூடினால் தூரம் குறையும், பெருக்கல் அதே 40,000.

இந்த இருமடியை அறிஞர்களே சுலபத்தில் ஒத்துக்கொண்டதில்லை. இயங்கும் பொருளின் வலிமைக்கு நிறையை வேகத்தால் பெருக்கினால் போதும் என்று ஒரு கட்சி. இருமடி வேண்டும் என்று லைப்னிட்ஸ் கட்சி. 1720களில் ஹாலந்தில் கிராவசாண்ட் என்பவர் பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரண்டு மடங்கானால் பள்ளம் நாலு மடங்கு. அவரோ முதல் கட்சியோடு நின்ற நியூட்டன் ஆதரவாளர். இருந்தும் களிமண் சொன்னதை ஏற்றுக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரான்சில் எமிலி டு ஷாட்லே 1740இல் வெளியிட்ட தம் நூலில் லைப்னிட்ஸ் பக்கம் நின்று வாதாடினார். அரையைச் சேர்த்து, ‘வேலை’ என்ற சொல்லையும் நிலைநிறுத்தியவர் கோரியாலிஸ், 1829இல்.

“நேத்து பஸ் டிரைவர் அறுபதிலேருந்து எண்பதுக்குப் போனார் மாமா. இருபதுதானே கூடுச்சுன்னு நினைச்சேன்” என்றாள். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. ஆற்றல் எவ்வளவு கூடியது என்று அவளையே கணக்குப் போடச் சொன்னேன். நோட்டின் ஓரத்தில் எழுதினாள்: 36க்கு 64. முக்கால் பங்குக்கும் மேலே.