சைகோனுக்கு ஒரு சிக்கனப் பயணம்

புதுச்சேரிக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் 'சாயோ' பொரிக்கிறார்கள். கறியையும் காய்கறியையும் அரிசித்தாளில் சுருட்டிப் பொரிக்கும் இப்பண்டம், பிரெஞ்சு ஆட்சியில் வணிகத்துக்கும் அரசு வேலைக்கும் சைகோன் சென்ற நம்மூரார் வழியே வந்தது.

முதன்முதலாக வெளிநாடு செல்ல எண்ணும் குடும்பத்தார் அவ்வூரையே தேர்ந்தெடுக்கலாம். 1976 முதல் அதன் பெயர் ஹோ சி மின் நகரம். விசாவை இணையத்திலேயே பெறலாம். ஒருமுறை நுழைய, ஆளுக்கு 25 டாலர். மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். டிசம்பருக்குப் பின் செல்வது நலம்.

உணவில்தான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். அங்கே பன்றி இறைச்சி அன்றாட உணவு. வியட்நாமியர் வீட்டுச் சாயோவில் பூரணமே பெரும்பாலும் அதுதான்! 'ஹெயோ' என்றால் பன்றி, 'போ' மாடு, 'கா' கோழி, 'சாய்' சைவம். மாட்டிறைச்சி என்பதாலேயே ஹலால் ஆகிவிடாது. அறுத்தது யார், பொரித்த கொழுப்பு எது என்பதும் தெரிய வேண்டுமே.

இதற்கும் வழியுண்டு. நகரின் நடுவே, டோங் டூ தெருவில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் இருக்கிறது. அதன் சுற்றுப்புறத்தில் ஹலால் உணவகங்கள் உள்ளன. நடந்து செல்லும் தொலைவில் அறை எடுத்தால், வாடகை சற்றுக் கூடினாலும் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் வண்டிச் செலவு மிச்சம்.

அங்கே அவசியம் கேட்க வேண்டியது 'ஃபோ'. கொதிக்கும் எலும்புச் சாற்றில் பட்டையும் அன்னாசிப்பூவும் மணக்க, அரிசிச் சேவையும் மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளும் மிதக்கும். இடியாப்பத்துக்குப் பழகிய நாவுக்கு அது அந்நியமாக இராது. துளசி போன்ற தழையும் எலுமிச்சையும் தனித்தட்டில் வரும். வேண்டிய அளவு நாமே கிள்ளிப் போட்டுக்கொள்ளலாம்.