ஏற்காட்டில் படகு ஓடுது, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏன் நிக்குது?

டிசம்பர் மாசம் ஏற்காட்டுக்கு பைக்கில் போகாத சேலம் ஸ்டூடண்ட் யாராவது இருக்கீங்களா? 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏரிக்கரையில் போய் நின்னா எதிர்க்கரை தெரியாது. அவ்வளவு பனிமூட்டம். ஆனா பனி கொஞ்சம் கலைஞ்சா போதும், படகுத்துறையில் டிக்கெட்டுக்கு வரிசை நிக்கும், பெடல் படகுகள் கிளம்பிடும். குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, குளிருக்காகத்தான் கூட்டமே வருது.

அதே டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் கப்பல் நின்னு போயிருக்கும். அங்கே குளிரும் கிடையாது, மூடுபனியும் பெரிசா கிடையாது. பகலில் 28 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஏரிப் படகைவிடப் பல மடங்கு பெரிய கலம், ரேடார் இருக்கு, டீசல் எஞ்சின்கள் இருக்கு, உரிமம் வாங்கிய மாலுமிகள் இருக்காங்க. அப்புறம் ஏன் நிக்குது?

முதலில் நடந்ததைச் சொல்லிடறேன். 2023 அக்டோபர் 14-ஆம் தேதி 'செரியபாணி' என்ற 150 பேர் போகும் அதிவேகக் கப்பலுடன் இந்தச் சேவை தொடங்கியது. ஒரே வாரத்தில், வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. அடுத்து 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஆரம்பம். நவம்பரில் மறுபடி நிறுத்தம். 2025 பிப்ரவரியில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. இதைப் படிச்சதும் "ஆரம்பிச்ச வேகத்துல முடிச்சுட்டாங்களே"ன்னுதான் யாருக்கும் தோணும். ஆனா தேதிகளைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. நிறுத்தம் அக்டோபர், நவம்பர். தொடக்கம் பிப்ரவரி, ஆகஸ்ட். இது அட்டவணைக் குளறுபடி மாதிரி தெரியலை, காற்றோட காலண்டர் மாதிரி இருக்கு.

நம்ம ஊர்க் கடலுக்குக் குளிர்காலம் என்றால் வெப்பநிலை இல்லை, வாடைக்காற்றுதான். வடக்கே நிலம் குளிர்ந்து காற்றழுத்தம் கூடும். அங்கிருந்து கிளம்பும் காற்று பூமியின் சுழற்சியால் திசை திரும்பி, வங்காள விரிகுடா மேல் வடகிழக்கிலிருந்து வீசும். இது ஒரு நாள், ரெண்டு நாள் சமாச்சாரம் இல்லை. மாசக்கணக்கில் ஒரே திசையிலிருந்து வரும். மழை டிசம்பரோடு ஓய்ந்தாலும் காற்று ஜனவரியிலும் விடாது. பொங்கலுக்குப் பிறகும் கப்பல் உடனே கிளம்பாததுக்கு இதுதான் காரணம்.

சரி, காற்று ஏற்காட்டிலும்தானே அடிக்குது? பகோடா பாயிண்டில் நின்னா தொப்பி பறக்குது. ஏரியில் மட்டும் ஏன் அலை இல்லை?

இங்கதான் நம்ம சப்ஜெக்ட் வருது. அலையின் உயரத்தைத் தீர்மானிப்பது மூணு விஷயம்: காற்றின் வேகம், எவ்வளவு நேரம் அடிக்குது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் ஓடி வருது. இந்த மூணாவதுக்கு ஃபெட்ச் என்று பெயர். நாம் காற்றோடு தூரம் என்று சொல்லிக்கலாம். 1968, 1969-ல் வட கடலில் வரிசையாகக் கருவிகளை வைத்து அலைகளை அளந்து, 1973-ல் வெளியிட்ட ஜான்ஸ்வாப் ஆய்விலிருந்து ஒரு எளிய உறவு கிடைக்குது: காற்றின் வேகம் மாறாமல் இருந்தால், அலை உயரம் காற்றோடு தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். தூரம் 100 மடங்கானால் உயரம் 10 மடங்கு.

கால்குலேட்டரை எடுங்க. காற்று வினாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. புயல் எல்லாம் இல்லை, சாதாரண பலத்த காற்று. ஏரியில் காற்றோடு தூரம் அரை கிலோமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் போட்டால் அலை உயரம் சுமார் 11 செ.மீ. பெடல் படகு லேசா ஆடும், யாராவது ஒருத்தர் கத்துவாங்க, அவ்வளவுதான். இப்போ அதே காற்றுக்கு 100 கி.மீ. தூரம் கொடுங்க. சுமார் 1.6 மீட்டர் வரும். அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் ஆற்றல் கணக்கில் இது 200 மடங்கு. இந்த உயரத்துக்கு வளர அந்தக் காற்று கிட்டத்தட்ட 10 மணி நேரம் விடாமல் அடிக்கணும். வாடைக்காற்றுக்கு 10 மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. நாகைக்கு வடகிழக்கில் திறந்திருப்பதும் 100 கி.மீ. இல்லை, முழு வங்காள விரிகுடா.

இன்னொரு விஷயம். முன்னறிவிப்பில் "அலை உயரம் 2 மீட்டர்" என்று போட்டால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று அர்த்தம் இல்லை. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி அது. சில மணி நேரப் பயணத்தில் அதுக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு உயர அலை ஒன்று எதிர்ப்படும் என்றுதான் கணக்கு. நாகை–காங்கேசன்துறை பயணம் சுமார் 4 மணி நேரம்.

மீனவர்களுக்கு இதெல்லாம் சூத்திரம் இல்லாமலே தெரியும். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வாங்க. வாடைக்காற்று வந்தால் பெண் கடல் சீறும், தெற்குப் பக்கம் தீவின் மறைவில் அடங்கிக் கிடக்கும். தென்மேற்குக் காற்றில் எல்லாம் தலைகீழ். அதனால் தனுஷ்கோடிப் பக்கத்தில் காற்று மாறும்போது படகுகளும் கரை மாறும். காற்றோடு தூரத்தைக் கையாள இதைவிட மலிவான என்ஜினியரிங் கிடையாது.

அந்தக் கரையிலிருந்துதான் ஒரு காலத்தில் கப்பல் போச்சு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயிலும் நீராவிக் கப்பலும் இணைந்த போட் மெயில் பயணம் தனுஷ்கோடி–தலைமன்னார் வழியாக ஆரம்பித்தது. கடல் தூரம் 35 கி.மீ. அளவுதான், நாகை வழியில் மூன்றில் ஒரு பங்கு. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியையே எடுத்துக்கொண்டது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கைப் போர்ச் சூழலில் நின்னு போச்சு.

நாகை வழியில் இன்னொரு சிக்கல், திசை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நாகையிலிருந்து காங்கேசன்துறை கிட்டத்தட்ட நேர் தெற்கு. அலை வருவது வடகிழக்கிலிருந்து. ஆக, போகும்போது அலை இடது பின்பக்கத்தில் தள்ளும். கப்பல் உருளும், மூக்கு திரும்பப் பார்க்கும், சுக்கான் பிடிப்பவர் ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கணும். திரும்பும்போது அதே அலை வலது முன்பக்கத்தில் மோதும். அடிப்பகுதி தண்ணீரில் 'தொப் தொப்'பென்று அறையும், வேகத்தைக் குறைத்தே ஆகணும். எஞ்சின் சக்தி அதிகம் இருப்பது இங்கே உதவாது. முழு வேகத்தில் போனால் முதலில் உடைவது பயணிகளின் வயிறு, அப்புறம் கப்பல்.

அதைவிட மோசமான இடம் துறைமுக வாசல். நாகைத் துறைமுகம் கடுவையாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கு. முகத்துவாரத்தில் மணல் சேரும், ஆழம் குறையும். கப்பலுக்காகத் தூர்வாரித்தான் வழி செய்தாங்க. ஆழம் குறைந்த இடத்தில் அலை தரையை உணரும். வேகம் குறையும், உயரம் கூடும், செங்குத்தாகி உடையும். நடுக்கடலில் தாங்கிக்கொண்ட கப்பல், வாசலில் தரைதட்டலாம். ஏற்காடு மலைப்பாதையில் நேர் ரோட்டைவிட வளைவுதான் ஆபத்து, அதே மாதிரி.

ஆக, "போகலாமா?" என்று காலையில் கேப்டன் வானத்தைப் பார்த்து முடிவு பண்றதில்லை. அதிவேகப் பயணிகள் கலங்களுக்கு என்று 1994-லும் 2000-லும் சர்வதேச விதித்தொகுப்புகள் வந்திருக்கு. அதன்படி ஒவ்வொரு கலத்துக்கும் இயக்க அனுமதிப் பத்திரம் உண்டு. எந்த அலை உயரம், எந்தக் காற்று வரைக்கும் ஓட்டலாம் என்ற எல்லை அதிலேயே இருக்கும். பயணத்தின் எந்தக் கட்டத்திலும் ஒதுங்க ஒரு துறை 4 மணி நேரத்துக்குள் இருக்கணும் என்பதும் விதி. இந்தக் கலங்கள் எடை குறைவாக, வேகத்துக்காகக் கட்டப்பட்டவை. அந்த எடைக் குறைப்புக்குக் கொடுத்த விலைதான் இந்த எல்லை. டிவியில் "நாகை துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு" என்று வரும் முன்பே பயணிகள் சேவை நின்றிருக்கும். கூண்டு ஏற்றுவது 1-லிருந்து 11 வரை. கடைசி எண்ணுக்கு அர்த்தம், வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்து போச்சு என்பது.

இதில் வேடிக்கை என்னன்னா, செரியபாணி லட்சத்தீவுக் கப்பல் அணியைச் சேர்ந்தது. பெயரே அங்கே உள்ள ஒரு பவளத்திட்டின் பெயர்தான். லட்சத்தீவுக்கு மோசமான காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான தென்மேற்குப் பருவம். நமக்கு மோசமான காலம் வாடை. மேற்குக் கடலில் ஓடத் தோதான மாசத்தில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். ஒரே கப்பல் அணியைக் காற்றுக்கேற்ப ரெண்டு கரைக்கும் மாற்றி ஓட்டலாமே என்று எனக்குத் தோணுது. ஆனா அப்படி ஓட்டினால், செரியபாணி நாகையில் இறங்க வேண்டிய மாசம் அக்டோபர் இல்லை.

நாகையில் கப்பல் நின்றால் டிக்கெட் பணம் திரும்ப வரும். யாழ்ப்பாணத்துத் தீவுகளில் அப்படி இல்லை. நெடுந்தீவுக்குப் பாலம் கிடையாது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஒரு மணி நேரப் படகுப் பயணம்தான் வழி. குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பெயர் வைத்த படகுகளை நம்பித்தான் ஆசிரியர், தபால், அரிசி, மருந்து எல்லாம் போகுது. மாரிகாலத்தில் கடல் கொந்தளித்துச் சேவை நின்றால் அவசர நோயாளியைக் கடற்படைப் படகில்தான் கொண்டுவரணும். அங்கே "இன்னைக்குப் படகு இல்லை" என்பது ஒரு சுற்றுலாப் பயணம் ரத்தாவது போல இல்லை.

வண்டி ஏற்றும் படகும் அங்கே உண்டு. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில் உள்ள குறுகிய கடலைக் கடக்கும் தட்டையான மிதவை அது. ஊர்க்காரர்கள் அதைப் படகு என்றோ கப்பல் என்றோ சொல்வதில்லை, 'பாதை' என்கிறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல். பின்லாந்தின் தீவுகளிலும் மஞ்சள் நிற வண்டிப் படகுகள் சாலையின் ஒரு பகுதி என்றே கணக்கு, கட்டணம் கிடையாது. அங்கே குளிர்காலத்தில் கடல் நல்லா உறைஞ்சா பனிக்கட்டி மேலேயே ரோடு போட்டுடறாங்க! நமக்கு அந்த வசதி இல்லை.

வண்டிப் படகின் நிலைத்தன்மை தனிக் கதை. பார வண்டி மேல்தளத்தில் நிற்பதால் ஈர்ப்பு மையம் உயரும். சரியாகக் கட்டாத வண்டி ஒரு பக்கம் சரிந்தால் படகும் சரியும். தடுப்பில்லாத வண்டித் தளத்தில் தண்ணீர் புகுந்தால் அது சாயும் பக்கமே ஓடி மேலும் சாய்க்கும். 1994 செப்டம்பர் 28-ல் பால்டிக் கடலில் 'எஸ்டோனியா' மூழ்கி 852 பேர் இறந்தது அப்படித்தான்: புயலில் முகப்புக் கதவு பிய்ந்து வண்டித் தளத்தில் கடல் ஏறியது. அவ்வளவு பெரிய கடலே தேவையில்லை. 2021 நவம்பர் 23 காலை, திருகோணமலை மாவட்டம் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்ததால் மக்கள் ஏறிப்போன மிதவை கவிழ்ந்தது. இறந்தவர்களில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் இருந்தாங்க. அங்கே ஜான்ஸ்வாப் கணக்குப் போட்டால் அலை சென்டிமீட்டரில்தான் வரும். ஏரி அளவு தண்ணீர்தானே என்று யாரும் அசட்டையாக இருக்க முடியாது. அலை இல்லாத இடத்தில் ஆபத்து ஆட்களின் எண்ணிக்கையிலும் அவங்க நிக்கிற இடத்திலும் இருக்கு.

ஏற்காட்டுக்கும் இந்த வாடைக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைச்சா, 2024-ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. ஃபெஞ்சல் புயல் முதலில் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி நகர்ந்து, நாகைக் கடலைக் கொந்தளிக்க வைத்து, நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரையேறியது. அதன் மிச்சம் உள்ளே வந்து சேர்வராயன் மலையில் மோதி மழையாகக் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து, பாறை உருண்டு, போக்குவரத்து நின்றது. கீழே கப்பல் நின்ற அதே சீசனில் மேலே பஸ்ஸும் நின்றது. அன்னைக்கு ரோட்டை மூடினதுக்கு யாரும் கேலி பண்ணலை.

காங்கேசன்துறைக்குப் போக ஆசை இருக்கிறவங்க மார்ச் முதல் செப்டம்பர் வரை உள்ள மாசங்களைப் பாருங்க. செமஸ்டர் லீவு டிசம்பரில்தான் வருது என்றால் விமானம்தான். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடற்கரை வாரியாக அலை உயரம், காற்று வேகம் எல்லாம் முன்னறிவிப்பாக வெளியிடுது, இலவசம். நாகைக்கு உள்ள காற்று வேகத்தை எடுத்து, மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கைப் போட்டு, அவங்க கொடுக்கிற அலை உயரத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. அக்டோபர் மூணாவது வாரத்தில் ஆரம்பிச்சா எண்கள் ஏறுவது கண்ணுக்கு முன்னாலேயே தெரியும்.