மலைப்பாதைகள் – 12: சுமக்கும் கால்கள்

பூண்டுலோயாவில் கடைத்தெருவைத் தாண்டினால் எங்கே போவதென்றாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். டன்சினன் நீர்வீழ்ச்சிப் பக்கம் மேலே போனாலும் சரி, கொத்மலை நீர்த்தேக்கத்தை நோக்கிக் கீழே இறங்கினாலும் சரி, முழங்காலுக்கு ஓய்வில்லை. சரிவில் ஆளைச் சுமந்து இறங்கும் ஒரு விலங்கின் அருமை நம்மவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதனால் இந்த வாரம் கொஞ்சம் தூரம் போகிறேன்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது கிராண்ட் கன்யன். கொலராடோ ஆறு அறுத்த பள்ளத்தாக்கு அது. நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் ஒரு மைலுக்கும் மேல். 1887 முதல் அங்கே சுற்றுலாப் பயணிகளைக் கோவேறு கழுதைகள் சுமந்து இறங்குகின்றன. பிரைட் ஏஞ்சல் என்ற பாதையில் ஏறத்தாழ பத்தரை மைல் இறங்கினால், ஆற்றின் அருகே பாண்டம் ராஞ்ச் என்ற விடுதி வரும். மேரி கோல்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1922இல் கட்டிய கல்வீடுகள் அவை. போய்ச் சேர ஐந்தரை மணி நேரமாகும்.

ஏன் குதிரை இல்லை? ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. தாயின் பலமும் தகப்பனின் நிதானமும் அதற்கு உண்டு. குளம்பு ஒடுங்கியது; குறுகிய தடத்திலும் பிடித்து நிற்கும். குதிரை பயந்தால் பாயும். இது பயந்தால் நிற்கும். தனக்கு ஆபத்து என்று பட்ட இடத்தில் எவ்வளவு விரட்டினாலும் ஓர் அடி வைக்காது. அதைப் பிடிவாதம் என்கிறார்கள். ஆயிரம் அடிப் பள்ளத்தின் விளிம்பில் அந்தக் குணத்தை நம்பித்தான் ஆட்கள் அதன் முதுகில் ஏறுகிறார்கள்.

எனக்கு அங்கே பிடித்தது அந்தப் பயணத்தின் ஒழுங்கு. பாண்டம் ராஞ்சுக்கு இறங்குகிறவர் உடை, சாமான் எல்லாம் சேர்த்து 200 றாத்தலுக்கு, அதாவது சுமார் 90 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. புறப்படுமுன் தராசில் ஏற்றி நிறுக்கிறார்கள். கூடினால் பயணம் இல்லை. எவ்வளவு காசு கட்டியிருந்தாலும் இல்லை. வழிகாட்டி முன்னால் போக, ஒன்றன் பின் ஒன்றாக இடைவெளி விடாமல் தொடர வேண்டும். நடந்து வருகிறவர்கள் மலைப் பக்கமாக ஒதுங்கிச் சத்தமில்லாமல் நிற்க வேண்டும். கடைசி விலங்கு 50 அடி கடந்த பிறகுதான் அசையலாம். வழி உரிமை விலங்குக்கே.

அதே பள்ளத்தாக்கில் சுபாய் என்றொரு கிராமம் உண்டு. ஹவாசுபாய் பழங்குடியினரின் ஊர். வாகனப் பாதை இல்லை. எட்டு மைல் தடத்தில் கடிதங்களையும் பொதிகளையும் கோவேறு கழுதைகளே கொண்டு போகின்றன. இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டத்துத் தப்பால்காரர் நினைவுதான் வந்தது. துரையின் கடிதங்களையும் பங்களாவுக்கு வேண்டிய இறைச்சியையும் சுமந்துகொண்டு, மழையிலும் அட்டைக்கடியிலும் தோட்டத்துக்கும் தபாற்கந்தோருக்கும் இடையே தினமும் நடந்த மனிதர். அங்கே விலங்குக்குக் கொடுத்த வேலையை இங்கே மனிதருக்குக் கொடுத்தார்கள்.

கோப்பிக் காலத்திலும் அப்படித்தான். கண்டிக்கு ரயில் வந்தது 1867இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்கு முன் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் கொழும்புக்குப் போயின. வண்டி எட்டாத மலைகளில் மனிதரின் தலைதான் வண்டி. துரை குதிரையில் வருவார். குதிரைக்காரர் பக்கத்தில் ஓடி வருவார். குதிரைக்கு லாடம் இருந்தது. நம் மூதாதையரின் கால்களுக்குச் செருப்புக்கூட இருக்கவில்லை. எத்தனை றாத்தலுக்கு மேல் ஒரு தலையில் ஏற்றக்கூடாது என்று அன்று யாராவது தராசு வைத்திருந்தால், நம் சரித்திரமே வேறாக இருந்திருக்கும்.

நம் மாவட்டத்தில் இன்று இதற்குக் கிட்டிய சவாரி என்றால் நுவரெலியாவின் மட்டக்குதிரைகள். ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் அமைத்த வாவியின் கரையில், கடிவாளம் பிடித்த தம்பிமார் பிள்ளைகளை ஏற்றி நடத்திப் போவார்கள். ஏப்ரல் வசந்த காலத்தில் கூட்டம் நெரியும். நம் தோட்டப் பிள்ளைகளும் இப்போது அந்த முதுகில் ஏறுகிறார்கள் என்பதில் எனக்கு மனம் நிறைந்த மகிழ்ச்சி. ஒரு காலத்தில் அந்தச் சேணம் துரைமாரின் பிள்ளைகளுக்கு மட்டுமே.

ஆனால் தராசு இங்கேயும் வேண்டும். விலங்குகளைக் கொடுமையிலிருந்து காக்க நம் நாட்டில் இருப்பது 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் 100 ரூபாய் என்று வைத்த அபராதம் யாரையும் தடுக்காது. சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சவாரி தொடங்கும் இடத்தில் எடை வரம்பையும் ஓய்வு நேரத்தையும் எழுதிய பலகை வைக்க மூன்று நாள் போதும்.

நுவரெலியா போகிற வாசகர்களே, ஏறுமுன் குதிரையின் முதுகைப் பாருங்கள். சேணத்தின் கீழே புண் இருந்தால் ஏறாதீர்கள். தண்ணீர் காட்டினீர்களா என்று குதிரைக்காரத் தம்பியிடம் கேளுங்கள். பெரியவர்கள் நடந்து வாருங்கள், பிள்ளைகளை ஏற்றுங்கள். இறங்கியதும் அந்தத் தம்பிக்கு ஒரு தேத்தண்ணிக் காசு கூடக் கொடுங்கள். அவரும் அன்று முழுக்க நடந்தவர்.